காரில் போகும் பாய்மரப் படகு

என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பிள்ளை இருக்கும் வீட்டில், சில மாதங்களுக்குக் கூடத்தில் பாதியைப் படகு பிடித்துக்கொள்ளும். அந்தப் பிரிவின் நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரி செய்யும் போட்டி உண்டு. தண்ணீரில் ஓடிக்காட்ட வேண்டிய பாய்மரப் படகும் அதில் ஒரு வகை. கட்டி முடிக்கும்வரை எல்லாக் கவனமும் படகின் மேல்தான் இருக்கும். அதை வெளியூருக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி பெரும்பாலும் கிளம்புவதற்கு முந்தைய இரவுதான் வரும். அதனால்தான் பாய்மரத்தை ஜன்னல் வழியே நீட்டிவிட்டு, "கெட்டியாப் புடிச்சுக்கோ தம்பி" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

தம்பியால் பிடிக்க முடியாது. உலக அளவில் பந்தயங்களில் ஓடும் இன்டர்நேஷனல் ஒன் மீட்டர் வகைப் படகை எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் 1 மீட்டர், பெரிய பாய்க்குரிய மரம் ஏறத்தாழ ஓர் ஆள் உயரம், மொத்த எடை குறைந்தது 4 கிலோ. அதில் பாதிக்கு மேல், அதாவது 2.2 முதல் 2.5 கிலோ வரை, அடித்தகட்டிலும் அதன் நுனியில் உள்ள ஈயக் குண்டிலும்தான் இருக்கிறது. தண்ணீரில் படகை நிமிர்த்தி வைக்கும் இந்தக் குண்டுதான் காருக்குள் ஆபத்தானது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டாமல் கிடக்கும் குண்டு அதே வேகத்தில் முன்னால் பாயும். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலாவது மாடியிலிருந்து, தலையில் விழுவதற்குச் சமம் அது. பின் சீட்டில் படகை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் பழக்கத்தை இந்த ஒரு கணக்குக்காகவே விட்டுவிடலாம்.

சட்டமும் படகைவிட மனிதர்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறது. அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அதை இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில்தான். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு இது. கம்பி ஏற்றிய லாரிகளுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள்; பிரிவில் இருப்பது 'மோட்டார் வாகனம்' என்ற பொதுச் சொல். ஜன்னலுக்கு வெளியே நீளும் மரம் பைக்கில் வருபவரின் கழுத்து உயரத்தில் இருக்கிறது என்பதை யோசித்தால் அபராதம் அதிகமாகத் தோன்றாது.

படகுக்கு இடம் வேண்டுமென்று பின் சீட்டை மடக்கிவிட்டு, பிள்ளையை அதன் பக்கத்தில் தரையில் உட்காரவைப்பது இன்னொரு தவறு. 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் வண்டி ஓட்டுபவருக்கு 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். டிக்கிக் கதவை அரைகுறையாகத் திறந்து கயிற்றால் கட்டி ஓட்டுவதும் கூடாது. நம்பர் பலகையும் விளக்கும் மறைவது ஒருபுறம் இருக்கட்டும், புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடு அந்த வழியே உள்ளே இழுக்கப்படும். அதற்கு வாசனையும் கிடையாது.

வழியில் போலீஸ் நிறுத்தினால் பதற வேண்டாம். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹனிலோ காட்டும் ஆவணங்கள் அசலுக்குச் சமம். எந்தப் பிரிவில் அபராதம் என்று செலானில் பாருங்கள். ஏற்பில்லை என்றால் அதை மறுக்கவும் வழி உண்டு.

சரி, எப்படித்தான் கொண்டுபோவது? கழற்றித்தான். பாய்மரம், பாய்கள், அடித்தகடு, குண்டு எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். கழற்ற முடியாதபடி ஒட்டிவிட்ட படகு பயணத்துக்கு ஆகாது; கட்டும்போதே இதை நினைத்துக் கட்ட வேண்டும். மரத்துக்கு 4 அங்குல பிளம்பிங் பைப்பும் இரண்டு மூடியும் போதும். பைப்பைச் சாய்த்து முழுவதும் வண்டிக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடலாம். படகின் உடலுக்குப் பிளைவுட் பெட்டி. உள்ளே அதன் வளைவுக்கு வெட்டிய ஃபோம் தாங்கிகள் இரண்டு. ஈயக் குண்டைத் துணியில் சுற்றி, சீட்டுக்கடியில் தரையோடு தரையாக நகராமல் வையுங்கள். பெட்டியை இறுக்க ராட்செட் பெல்ட் நல்லது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு பிரேக் போட்டதும் நீளும். அவிழ்க்கும்போது தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். கூரைமேல் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மூடிய பெட்டியில் மட்டும் கட்டுங்கள். 60இல் போகும்போது தள்ளும் காற்று 90இல் இரண்டேகால் மடங்காகும்.

வெயிலைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சாதாரண எபாக்ஸி இளகி, படகின் உடல் கோணிக்கொள்ளும். அதைவிட முக்கியம், படகின் ரிமோட் கருவிக்கான பேட்டரி. லித்தியம் பாலிமர் பேட்டரியை முழுச் சார்ஜோடு வெயிலில் விடக்கூடாது. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, இணைப்பைப் பிடுங்கி, தீப்பிடிக்காத பையில் போட்டு, சாப்பிட இறங்கும்போதும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உப்பிய பேட்டரியை ஏற்றவே வேண்டாம்.

லாரி பார்சலில் அனுப்புபவர்கள் ஏமாறும் இடம் வேறு. ரசீதின் மூலையில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். உடைந்த படகோடு போய் நின்றால் அதைத்தான் காட்டுவார்கள். அது அவர்களைக் காப்பாற்றாது. அப்படி எழுதியிருந்தாலும் தன் அலட்சியத்துக்குச் சரக்கு நிறுவனமே பொறுப்பு என்று நாத் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் சொல்லிவிட்டது. அலட்சியம் என்று நிரூபிக்கும் சுமையும் அனுப்பியவருக்கு இல்லை.

ஆனால் தொகையில்தான் சிக்கல். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்கீழ் இழப்பீடு சாதாரணமாகக் கட்டணத்தைப் போல் 10 மடங்கோடு நின்றுவிடும். அதுவும் நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. 400 ரூபாய் கட்டி அனுப்பிய படகு நொறுங்கினால் அதிகபட்சம் 4,000. உண்மையான மதிப்பை எழுதி, கூடுதல் அபாயக் கட்டணம் செலுத்தினால்தான் அதற்கு மேல் கேட்க முடியும். பதிவு செய்யும்போது அந்தக் கட்டணம் எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். ரசீதில்லாமல் பஸ் கிளீனரிடம் ஐம்பதைத் திணித்து ஏற்றிவிட்டால் பிறகு எதைக் காட்டிக் கேட்பது?

ஏற்றுமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். சர்வோ மோட்டார், ரிமோட் வாங்கிய பில்களைப் பத்திரப்படுத்துங்கள். சேதத்தைப் பார்த்ததும் பெட்டியை அங்கேயே படம் பிடித்து, பெற்றுக்கொண்ட தாளில் 'சேதத்துடன் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துவழி நோட்டீஸ் போக வேண்டும். தவறினால் வழக்கே நிற்காது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் பணம் எதுவும் கட்ட வேண்டாம். வழக்கு வரை போகுமுன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.