பிரிவினை எண்களும் இராமானுஜன் ஊகமும்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களிலே, சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் கரைசேர்ந்த சிப்பிகள் மூன்று சமகுவியல்களாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு குவியல்கள் அரசாங்கத்துக்கும் ஒன்று குளிகாரர் பக்கத்துக்கும் உரியனவாயின. குவியல்கள் சமமாயிருத்தல் வேண்டுமென்பது சலாபத்தின் விதி. அவ்விதியை நீக்கிவிட்டு, குறித்த தொகையான சிப்பிகளை எத்தனை வகையாகக் குவிக்கலாம் என வினவின், சிறுவர்க்கும் விளங்கும் அவ்வினா உயர்கணிதத்தின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தும்.

நான்கு சிப்பிகளை எடுத்துக்கொள்க. நான்கையும் ஒரே குவியலாக வைக்கலாம். மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம். இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, தனித்தனி நான்காகவும் வைக்கலாம். ஆக ஐந்து வகை. குவியல்களின் முன்பின் வரிசை இங்கே கணக்கிற் சேராது. ஐந்து சிப்பிகளுக்கு ஏழு வகையும், ஆறுக்குப் பதினொரு வகையும் உள. இவ்வாறு பெறப்படுவனவே பிரிவினை எண்கள். ஒன்றிலிருந்து தொடங்கி அவை 1, 2, 3, 5, 7, 11, 15, 22, 30, 42 எனச் செல்கின்றன.

இத்தொடர் தன்னை நோக்குவோரை எளிதில் ஏமாற்றவல்லது. 1, 2, 3, 5 என்பவற்றைக் கண்ட மாணவன், முன்னிரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் என்பான். எட்டு வரவேண்டிய இடத்தில் ஏழு வருகிறது. 2, 3, 5, 7, 11 என்பவற்றைக் கண்டு, இவை முதன்மை எண்கள் என்பான். பதின்மூன்று வரவேண்டிய இடத்திற் பதினைந்து வருகிறது. நான்கைந்து எண்களைக் கொடுத்து “அடுத்த எண் யாது?” என வினாத்தாளிற் கேட்டு ஒரே விடையை எதிர்பார்க்கும் வழக்கம் எத்துணை நியாயமானது என்பதை ஆசிரியர் சிந்தித்தல் நன்று.

தொடர் வளர்கின்ற வேகமோ பெரிது. பீரங்கிப்படையிற் பணிபுரிந்த மேஜர் மக்மகன் என்னும் ஆங்கிலக் கணிதர், இருநூறு வரையுமுள்ள பிரிவினை எண்களைக் கையாலே கணித்து அட்டவணையாக்கினார். அதன் இறுதி எண் 3,972,999,029,388 ஆகும். ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்ட பிரிவினைச் சூத்திரத்தைச் சோதிக்க அவ்வட்டவணை பயன்பட்டது. ஆயின் இராமானுஜனுடைய கண்கள் அதில் வேறொன்றையும் கண்டன.

4, 9, 14, 19, 24 ஆகிய இடங்களை நோக்குக. அங்கே 5, 30, 135, 490, 1575 நிற்கின்றன. யாவும் ஐந்தால் வகுபடுவன. ஐந்தாம் இடத்திலிருந்து ஏழேழாகச் சென்றால் 7, 77, 490, 2436. யாவும் ஏழால் வகுபடுவன. ஆறாம் இடத்திலிருந்து பதினொன்று பதினொன்றாகச் சென்றால் 11, 297, 3718. யாவும் பதினொன்றால் வகுபடுவன. கூட்டலாற் பிறந்த எண்களிலே வகுத்தலின் ஒழுங்கு ஏன் தோன்றவேண்டும்? ஐந்துக்கும் ஏழுக்கும் உரிய நிறுவல்களை இராமானுஜன் 1919இல் வெளியிட்டார். பதினொன்றுக்குரியது அவர் மறைந்தபின் 1921இல் வெளிவந்தது.

அவர் அவ்வளவில் அமையவில்லை. 5, 7, 11 ஆகியவற்றின் வலுக்களாலும் அவற்றின் பெருக்கங்களாலும் ஆகிய எவ்வெண்ணுக்கும் பொருந்துமாறு ஒரு பொது விதியை ஊகித்தார். இட எண்ணை 24ஆற் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அவ்வெண்ணால் வகுபடுமாயின், அவ்விடத்துப் பிரிவினை எண்ணும் அதனால் வகுபடும் என்பதே அவ்விதி. 99ஆம் இடத்திற் சோதிக்கலாம். 24 × 99 − 1 = 2375; இது 125ஆல் வகுபடும். அங்குள்ள பிரிவினை எண் 169,229,875. அதுவும் 125ஆல் வகுபட்டு 1,353,839 ஆகிறது. 25க்கும் 49க்கும் நிறுவலே கிடைத்திருந்தது.

ஏழின் மூன்றாம் வலுவாகிய 343 அட்டவணைக்குள் அகப்படவில்லை. அதற்குரிய முதலிடம் 243. மக்மகன் நிறுத்திய இடத்துக்கு நாற்பத்துமூன்று வரிகளுக்கு அப்பால். ஓயிலரின் முறைப்படி அந்த ஓர் எண்ணைப் பெறுவதற்கு முந்திய இருபத்துநான்கு எண்களைக் கூட்டியும் கழித்தும் செல்லல் வேண்டும். அவையும் ஒவ்வொன்றாகப் பெறப்படவேண்டியனவே. 1920இல், முப்பத்திரண்டு வயதில், இராமானுஜன் மறைந்தார்.

பின்னர் ஹன்ஸ்ராஜ் குப்தா அவ்வட்டவணையை முந்நூறு வரை நீட்டினார். அதனைக்கொண்டு சர்வதாமன் சௌலா 1934இல் 243ஆம் இடத்தைச் சோதித்தார். அங்கே நின்ற எண் 133,978,259,344,888. வாசகரும் வகுத்துப் பார்க்கலாம். ஏழால் ஒருமுறை வகுத்தால் 19,139,751,334,984. மறுமுறை வகுத்தால் 2,734,250,190,712. மூன்றாம் முறை மீதி ஐந்து. ஊகம் பொய்த்தது! கணிப்பிலே தவறிருக்குமோ என ஐயுறுவோர், அவ்வெண் 49ஆல் மீதியின்றி வகுபடுவதைக் கவனித்தல் வேண்டும். 243ஆம் இடத்துக்கு அவ்வளவு இருக்கவேண்டுமென்பது இராமானுஜனே நிறுவியது.

ஊகம் முற்றாக வீழ்ந்துவிடவில்லை. 1938இல் வாட்சன், ஐந்தின் வலுக்களுக்கு அது முழுமையாகப் பொருந்துமென நிறுவினார். ஏழுக்கு வேண்டிய திருத்தத்தையும் அவரே கண்டார்: வலுவிற் பாதியை, பின்னம் விடுத்து, எடுத்து ஒன்றைக் கூட்டின் அதுவே உறுதியான வலு. மூன்றுக்கு இரண்டு வருகிறது. 243ஆம் இடத்தில் நிகழ்ந்தது அதுவே. பதினொன்றின் வலுக்களுக்கு ஊகம் மாற்றமின்றிப் பொருந்துமென 1967இல் அட்கின் நிறுவினார்.

இத்துணை எளிய ஒழுங்கு 5, 7, 11 தவிர்ந்த வேறு முதன்மை எண்களுக்கு இல்லைப் போலும் என்றும் இராமானுஜன் எழுதியிருந்தார். பதின்மூன்றுக்கு ஓர் ஒழுங்கு பின்னர் அகப்பட்டது. ஆனால் அது 237ஆம் இடத்திலிருந்து 17,303 இடங்களுக்கு ஒருமுறை வருவது. எளியது என அதனை எவரும் சொல்லார். 2003இல் ஆல்கிரென், பாய்லன் என்னும் இருவர், அவர் குறிப்பிட்ட வகையான ஒழுங்கு அம்மூன்று எண்களுக்கு மாத்திரமே உண்டு என நிறுவினர்.