ஊதா இருக்கைகளில் ஒரு பேஸ்பால் ஆட்டம்

கண்மணி, கிரிக்கெட்டில் சிக்ஸர் என்றால் உனக்குக் கொள்ளை ஆசைதானே? பேஸ்பாலில் அதற்கு ஹோம் ரன் என்று பெயர். அடித்த பந்து தரையில் படாமல் எதிர்ப்பக்கத்து வேலியைத் தாண்டிப் பறக்க வேண்டும். தாண்டிவிட்டால் அடித்தவர் அவசரமே படாமல் நான்கு முனைகளையும் சுற்றி ஓடி வருவார். அரங்கமே எழுந்து கத்தும்.

அமெரிக்காவில் டென்வர் என்று ஒரு நகரம். கொலராடோ மாநிலத்தின் தலைநகர். அங்கே அடிக்கிற பந்து மற்ற ஊர்களைவிடத் தொலைவு போகும். ஏன் தெரியுமா? விடுமுறைக்கு அந்த ஊருக்கு வந்த ஒரு குடும்பம் இன்று கூர்ஸ் ஃபீல்டு அரங்கத்துக்குக் கிளம்புகிறது. அப்பா, அம்மா, அக்கா, தம்பி. நாமும் ஒட்டிக்கொள்வோம் வா. நமக்கு டிக்கெட் வேண்டாம்!

அவர்களுக்கு மேல் அடுக்கில் இடம் கிடைத்திருக்கிறது. தூரத்தில் ராக்கி மலைத்தொடர் தெரிகிறது. சுற்றிலும் கரும்பச்சை இருக்கைகள். ஆனால் 20-ஆவது வரிசை மட்டும் ஊதா நிறம்! தம்பி ஓடிப்போய் அதில் உட்கார்ந்துகொள்கிறான். அவன் இப்போது கடல்மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கிறான். அதாவது 5,280 அடி. நம் கணக்கில் சுமார் 1,609 மீட்டர். அதைக் காட்டத்தான் அந்த ஊதா வரிசை.

அக்கா பையிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை எடுக்கிறாள். கடலோர நகரத்தில் வாங்கி, விமானத்தில் கூடவே கொண்டு வந்தது. வாங்கும்போது சாதுவாக இருந்த பாக்கெட் இப்போது வயிறு புடைத்து நிற்கிறது. உள்ளே யாரும் காற்று ஊதவில்லை. பிறகு எப்படி? கொஞ்சம் யோசி. அவசரமில்லை.

நம் தலைக்கு மேலே காற்று பல கிலோமீட்டர் உயரத்துக்கு இருக்கிறது. காற்றுக்கும் எடை உண்டு. மேலே இருக்கும் காற்று கீழே இருக்கும் காற்றை அழுத்தி நெருக்குகிறது. நாம் உயரே ஏற ஏற, நம் தலைமேல் மிச்சமிருக்கும் காற்று குறைகிறது. அழுத்தமும் குறைகிறது. வெளியே அழுத்தம் குறைந்ததும் பாக்கெட்டுக்குள் இருந்த காற்று விரிந்துகொண்டது. அவ்வளவுதான்.

இதுவரை புரிந்ததா? சரி, பந்துக்கு வருவோம்.

பறக்கிற பந்து தனக்கு முன்னால் இருக்கும் காற்றை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதில் அதன் வேகம் குறைந்துகொண்டே வரும். டென்வரில் காற்றின் அடர்த்தி கடற்கரை ஊரில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விலக்க வேண்டிய காற்றும் குறைவு. அதனால், கடலோரத்தில் இருக்கும் பாஸ்டன் நகரில் 400 அடி போகிற பந்து, அதே அடிக்கு இங்கே 420 அடி வரை போகும். பாஸ்டனில் வேலியருகே பிடிபடும் பந்து இங்கே ஹோம் ரன் ஆகிவிடும்!

பாவம், பந்து வீசுகிறவர். அவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பந்தைச் சுழற்றி வீசினால் அது காற்றில் வளைந்து வரும். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கமாகத் தள்ளும், காற்று பதிலுக்குப் பந்தை மறுபக்கம் தள்ளும். அதுதான் அந்த வளைவின் ரகசியம். தள்ளுவதற்குக் காற்றே குறைவாக இருந்தால்? வளைவும் குறையும். மட்டைக்காரருக்குக் கொண்டாட்டம்.

இந்த அரங்கம் 1995-இல் திறக்கப்பட்டது. கட்டியவர்கள் ஏமாளிகள் அல்ல. பந்து தொலைவு போகும் என்று தெரிந்து வேலியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நேர் எதிரே இருக்கும் வேலி 415 அடி தூரம். ஆனால் மைதானம் பெரிதானதும், ஆட்டக்காரர்களுக்கு நடுவே பந்து விழக் காலி இடமும் பெரிதாகிவிட்டது! ஹோம் ரன்னும் நிற்கவில்லை. 1999-ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் இங்கே 303 ஹோம் ரன்கள். அது சாதனை எண்ணிக்கை.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

டென்வரின் காற்று மெல்லியது மட்டுமல்ல, உலர்ந்ததும்கூட. அரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் வேட்டைக்குப் போனாராம். அவருடைய தோல் பூட்ஸ் உலர்ந்து சுருங்கிப்போனதாம். பந்தும் தோல்தானே, அதுவும் இப்படித்தான் ஆகுமோ என்று அவருக்குத் தோன்றியது. எவ்வளவு அழகான கேள்வி பார்!

பேஸ்பாலின் நடுவில் தக்கையும் ரப்பரும் சேர்ந்த ஓர் உருண்டை இருக்கிறது. அதன்மேல் கம்பளி நூலை இறுக்கமாகச் சுற்றியிருப்பார்கள். வெளியே தோல், சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல்கள். கம்பளியும் தோலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உலர்ந்த இடத்தில் ஈரத்தை விட்டுவிடும். பொரித்த அப்பளத்தை மழைநாளில் வெளியே வைத்தால் என்ன ஆகும்? நமத்துப்போகும், இல்லையா? ஈரம் ஏறிய பந்தும் அப்படித்தான், கொஞ்சம் மந்தமாகிவிடும். மட்டையில் பட்டதும் துள்ளுவது குறையும். உலர்ந்த பந்தோ விறைப்பாக இருக்கும், நன்றாகத் துள்ளும். வழுக்கவும் செய்யும்.

ஆகவே 2002-இல் அரங்கத்துக்குள் பந்துகளுக்கென்றே ஓர் அறை அமைத்தார்கள். உள்ளே 50 சதவீத ஈரப்பதம், சுமார் 21 டிகிரி செல்சியஸ் வெப்பம். ஆட்டத்துக்கு வேண்டிய பந்துகள் அங்கிருந்துதான் வந்தன. ஹோம் ரன்கள் கணிசமாகக் குறைந்தன. ஊர்க் காற்றை யாராலும் மாற்ற முடியாது. பந்தை மாற்றினார்கள். இந்த அரங்கத்தின் சொந்த அணியில் மிகக் கெட்டிக்கார ஆட்டக்காரர் இந்த அறைதான் என்பேன் நான்.

அதோ, ஏழாவது இன்னிங்ஸின் நடுவே எல்லாரும் எழுந்து நின்று பாடுகிறார்கள். இது அமெரிக்கப் பேஸ்பாலின் வழக்கம். அம்மா தண்ணீர்ப் புட்டியை நீட்டுகிறார். உலர்ந்த காற்றில் உடம்பின் நீரும் சீக்கிரம் போய்விடும். அப்பா வெயில் களிம்பு பூச மறந்துவிட்டார், மூக்கு சிவந்துவிட்டது. மேலே காற்று குறைவு என்றால், சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுக்கவும் காற்று குறைவு என்று அர்த்தம்.

2022 முதல், அமெரிக்கப் பேஸ்பாலின் முதல்நிலைப் போட்டித் தொடரில் ஆடும் 30 அணிகளுமே பந்துகளுக்கு இப்படி அறை வைத்திருக்கின்றன. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஈரக்காற்று வீசும் ஊர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளியே ஈரம் அதிகம், அறைக்குள் குறைவு என்று வைத்துக்கொள். அங்கே அறையில் வைத்த பந்து கூடுதலாகத் துள்ளுமா, குறைவாகத் துள்ளுமா? அப்பளத்தை நினைத்துக்கொண்டு யோசி. விடையை ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பு, கண்மணி. காரணத்தையும் மறக்காமல் எழுது.