ட்ரெயிலர் இழுக்கும் பிக்-அப்: ஸ்பிரிங் பட்டையைக் கழற்றலாமா?

நானுஓயாப் பகுதியில் மரக்கறியும் உரமும் ஏற்றும் பிக்-அப்பில் ட்ரெயிலர் பூட்டும்போது, கொளுவி உயரமாக இருந்தால் ட்ரெயிலரின் முன்புறம் நிமிர்ந்து, ஓட்டத்தில் ஆட்டம் காணும். இதற்காகப் பின் ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றைக் கழற்றி வண்டியைத் தாழ்த்துவது ஆபத்து. பட்டை குறைந்தால் சுமை தாங்கும் வலுவும் குறையும். ட்ரெயிலரின் பாரமும் சேரப் பின்புறம் பதிந்து, முன்புறம் எழும்பும். முன்சில்லுகளின் பிடி தளர்ந்து, ஸ்டியரிங்கும் பிரேக்கும் சரிவர வேலை செய்யா.

நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி நடந்த விபத்தில் 7 பேர் உயிரிழந்தனர். அத்தகைய இறக்கத்தில் பிரேக்கை நம்பித்தான் நமது உயிர் இருக்கிறது.

ஆகவே ஸ்பிரிங்கைத் தொடாமல் கொளுவியைத் தாழ்த்துவோம். கீழ்நோக்கி வளைந்த கொளுவித் தண்டைப் பொருத்தலாம். ட்ரெயிலர் மட்டமாக நிற்க வேண்டும். அதன் பாரத்தில் 100 கிலோவுக்கு 10 கிலோ வீதம் கொளுவியில் இறங்கினால் போதும். இறக்கத்தில் சிறிய கியரிலேயே செல்வோம்.