இராமநாதபுரக் கடற்கரையில் ஒவ்வாமை: அறிதல், சோதித்தல், மருத்துவம்

ஆய்வுச்சுருக்கம்

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரை மக்களின் வழக்கில் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்னும் தொடர், காரணத்தாலும் மருத்துவத்தாலும் வேறுபட்ட பல நிலைகளை ஒருங்கே குறிக்கிறது. இறால் போன்ற ஓட்டுயிர்களால் வரும் உண்மையான ஒவ்வாமை, கெட்ட மீனால் வரும் ஹிஸ்டமின் நஞ்சு, சீமைக்கருவேல மகரந்தத்தால் வரும் மூச்சுக்குழல் ஒவ்வாமை, புகை முதலியவற்றால் வரும் எரிச்சல் ஆகியவற்றை வேறுபடுத்தி அறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஆய்வகச் சோதனைக்கு முன் நோயரின் வரலாறே முதன்மைச் சான்று என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஒவ்வாமை, காணாக்கடி, டிரோப்போமையோசின், ஹிஸ்டமின், சீமைக்கருவேலம், தோல் குத்துச் சோதனை, அட்ரினலின்

சொல்லும் நோயும்

‘ஒவ்வாமை’ என்பது இன்று ‘அலர்ஜி’ என்பதற்கு நிலைபெற்றுவிட்ட கலைச்சொல். வியன்னா மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே 1906இல் ‘அலர்ஜி’ என்னும் சொல்லை ஆக்கியபோது, உடலின் மாறுபட்ட எதிர்வினை என்னும் பொதுப்பொருளிலேயே ஆண்டார். அது பின்னர் நோய்த்தடுப்பாற்றல் சார்ந்த எதிர்வினையை மட்டும் சுட்டுமாறு குறுகியது. தமிழ் மக்கள் வழக்கில் அத்தகைய குறுக்கம் நிகழவில்லை. ‘சேரவில்லை’, ‘ஆகாது’, ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்பன வயிற்றுப்போக்கையும் தோல் தடிப்பையும் மூச்சிரைப்பையும் ஒருசேரச் சுட்டுகின்றன. திடீரெனத் தோன்றி மறையும் தடிப்புக்குக் ‘காணாக்கடி’ என்று பெயர். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ கடித்தது என்பது அதன் கருத்து. தோல்நோயை மிகுவிப்பன என்று கருதப்படும் கத்தரிக்காய், கருவாடு முதலியன ‘கரப்பான் பண்டங்கள்’ எனப்படுகின்றன. இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் கூடியிருத்தலைக் குறிக்கும் ‘ஈஸ்னோபீலியா’ என்னும் ஆய்வகச் சொல்கூட, நாள்பட்ட தும்மலுக்கும் இருமலுக்கும் உரிய நோய்ப்பெயராகவே ஊர்களில் வழங்குகிறது.

இப்பெயர்களைப் பிழை எனத் தள்ளுதல் பயன் தராது. அவை நோக்கிக் கண்டவற்றின் பதிவுகள். இடர் வேறிடத்தில் உள்ளது. மீனே அன்றாடப் புரதமும் பிழைப்புமாக உள்ள குடும்பத்தில், ஒருமுறை வந்த தடிப்பைக் கொண்டு ‘இனி மீனே கூடாது’ என்று விதிப்பது பேரிழப்பாகும். உண்மையான இறால் ஒவ்வாமையைச் ‘சூடு’ என்று கருதி விட்டுவிடுவதோ உயிரிழப்பில் முடியலாம்.

இறாலும் அதன் உறவினமும்

பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் வெள்ளை இறால், ஒவ்வாமை அறிவியலில் தனியிடம் பெற்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பா ராவ் குழுவினர் இவ்வினத்தை ஆராய்ந்து, அதன் ஒவ்வாமையூக்கி வெப்பத்தைத் தாங்குவது என்று 1989இல் காட்டினர். அமெரிக்க ஆய்வாளருடன் இணைந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையில், அது தசைப்புரதமான டிரோப்போமையோசின் என்று நிறுவினர். உலகெங்கும் ஓட்டுயிர் ஒவ்வாமையைப் புரிந்துகொள்ள அடிப்படையான இக்கண்டுபிடிப்பு, இக்கடற்கரைச் சந்தையில் நாள்தோறும் விலைபோகும் ஓர் இறாலினத்திலிருந்து கிடைத்தது.

இதிலிருந்து நடைமுறைக்குரிய செய்திகள் பல பெறப்படுகின்றன. வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த ஒவ்வாமையூக்கி அழிவதில்லை. வேகவைத்த நீரிலும் அது கலந்திருக்கும். எனவே இறாலை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் உண்பது பாதுகாப்பன்று. இறாலுக்கு ஒவ்வாதவருக்கு நண்டும் சிங்கி இறாலும் பெரும்பாலும் ஒவ்வா. கணவாய், சிப்பி ஆகியவை சிலருக்கு ஒவ்வா. ஆனால் துடுப்புடைய மீன்களின் ஒவ்வாமையூக்கி பார்வால்புமின் என்னும் வேறொரு புரதம். ஆகவே இறால் ஒவ்வாதவர் பொதுவாக மீன் உண்ணலாம். மீன் ஒவ்வாதவருள்ளும் சிலர், எலும்பு மீன்களிலிருந்து வேறுபட்ட பார்வால்புமினைக் கொண்ட சுறா, திருக்கை ஆகியவற்றைத் தாங்குவதுண்டு; ஆயினும் இதை மருத்துவர் முன்னிலையில் உறுதிசெய்தபின்னரே உண்ணவேண்டும்.

ஒவ்வாமை வாய்வழி மட்டும் வருவதன்று. இறால் உரிக்குமிடங்களிலும், நண்டை வேகவைத்துச் சதை பிரிக்கும் கூடங்களிலும் எழும் ஆவியில் இப்புரதம் துகள்களாய் மிதக்கிறது. அங்கு வேலை செய்வோருக்கு வேலைநாள்களில் மட்டும் மூச்சிரைப்பு வந்து, விடுமுறையில் தணியுமாயின் அது தொழில்சார் ஆஸ்துமாவின் அடையாளம். இறாலில் உள்ள அயோடின்தான் ஒவ்வாமைக்குக் காரணம் என்றும், அத்தகையோருக்கு ஸ்கேன் மருந்து கூடாதென்றும் பரவியிருக்கும் கருத்துக்கு அடிப்படையில்லை.

ஒவ்வாமை போன்று தோன்றும் நஞ்சு

சூரை, கானாங்கெளுத்தி, சாளை, சூடை முதலிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால், பாக்டீரியா அதனை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் அதே வேதிப்பொருள் இங்கு மீனிலேயே உருவாகி வெளியிலிருந்து வருகிறது. சமைத்தாலும் உப்பிட்டாலும் அது அழியாது. மீனின் தோற்றமோ நாற்றமோ எச்சரிக்காமலும் போகலாம். உண்ட சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரத்திற்குள் முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, அரிப்பு, நாக்கில் மிளகுக் காரம் போன்ற உணர்வு ஆகியன தோன்றும். பன்னாட்டு உணவுத் தரக்குழுவான கோடெக்ஸ், ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருத்தலாகாது என வரையறுத்துள்ளது.

இதனை ஒவ்வாமையிலிருந்து பிரித்தறிய இரண்டு வினாக்கள் பெரும்பாலும் போதும். அதே மீனை உண்ட வேறு எவருக்கேனும் இவ்வாறு நேர்ந்ததா? அதே இன மீனை முன்னரும் பின்னரும் தொல்லையின்றி உண்டதுண்டா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்பது விடையானால், குற்றம் மீனைக் காத்த முறையில் உள்ளது. உண்டவர் உடலில் இல்லை. இவருக்கு ஹிஸ்டமின் தடுப்பு மருந்து போதும். அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணியும். வாழ்நாள் முழுதும் மீனை விலக்கத் தேவையில்லை.

சீமைக்கருவேலும் கரிமூட்டமும்

இராமநாதபுர மாவட்டத்தின் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடிநிற்கும் சீமைக்கருவேலம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. அதன் மகரந்தம் மூக்கொழுகல், கண்ணரிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்குக் காரணமாவதை இந்திய ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. இங்குக் கடற்கரை மணலில் வளரும் உகாய் மரத்தின் மகரந்தத்தோடு அது குறுக்கு எதிர்வினை காட்டுவதும் அறியப்பட்டுள்ளது. பூக்கும் காலத்தில் மிகுந்து பின்னர்க் குறையும் தும்மல் மகரந்தத்தைச் சுட்டும். ஆண்டு முழுதும் விடியலில் வரும் தும்மல், ஈரக்காற்றுள்ள வீடுகளில் பெருகும் தூசிச் சிற்றுண்ணியைச் சுட்டும்.

அதே மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் தொழிலாளரின் இருமல் வேறு வகையினது. புகை மூச்சுக்குழலை எரிச்சலூட்டுகிறது. ஒவ்வாமை எதிர்ப்பொருள் அதில் பங்குகொள்வதில்லை. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்குப் புகை நோயை மிகுவிக்கும். பாசி எடுக்கும் பெண்களின் கைப்புண்ணும், கடற்சொறி பட்ட தடிப்பும் இவ்வாறே பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. கடலுயிர் நஞ்சுக்கும் ஒவ்வாமைக்கும் அறிவியல் வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு: சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே ஆகியோர் கடல் அனிச்ச நஞ்சை நாய்களுக்குச் செலுத்தியபோது, இரண்டாம் முறை தந்த சிறு அளவே உயிரைக் குடித்தது. 1902இல் வெளியான இவ்வாய்விலிருந்தே ‘அனாஃபிலாக்சிஸ்’ என்னும் சொல் பிறந்தது.

சோதனைகளும் அவற்றின் எல்லையும்

தோல் குத்துச் சோதனையில் ஒவ்வாமையூக்கியின் ஒரு துளியை முன்கையில் இட்டு, நுண்ணூசியால் மேல்தோலைக் குத்துவர். உடன் ஹிஸ்டமினும் உப்புநீரும் ஒப்பீட்டுக்காக இடப்படும். 15 முதல் 20 நிமிடங்களுக்குப்பின், உப்புநீர்த் தடிப்பைவிட 3 மில்லிமீட்டரேனும் பெரிய தடிப்பு நேர்மறை எனக் கொள்ளப்படும். ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகளை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தாவிடின் சோதனை பொய்க்கும். தோல்நோய் மிக்கவருக்கும் மருந்தை நிறுத்த இயலாதவருக்கும் இரத்தத்தில் குறிப்பிட்ட ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை ஏற்றது.

இரண்டும் காட்டுவது உடல் உணர்திறன் பெற்றுள்ளதையே, நோயை அன்று. கர்நாடகத்தில் வயதுவந்தோரிடம் நிகழ்த்திய ஆய்வொன்று (2016) இதனைத் தெளிவாக்குகிறது: ஏதேனும் ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருந்தவர் 26.5 விழுக்காடு, உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவராகக் கணிக்கப்பட்டவர் 1.2 விழுக்காடு மட்டுமே. இறால் உண்பதைச் சமயம் விலக்கிய யூதர்களிடமும் இறால் டிரோப்போமையோசினுக்கு எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டது (2003). தூசிச் சிற்றுண்ணியிலும் கரப்பான் பூச்சியிலும் அதையொத்த புரதம் உள்ளமையே காரணம். எனவே இராமேசுவரத்தில் மரக்கறி மட்டும் உண்ணும் ஒருவருக்கு இறால் சோதனை நேர்மறையானால் வியப்பில்லை. மொத்த ஐ.ஜி.இ. அளவு குடற்புழுக்களாலும் உயரும். நூறு, இருநூறு உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. அளந்து தரும் தொகுப்புச் சோதனைகள் பணச்செலவே; ஐ.ஜி.ஜி. அந்த உணவை உண்டதன் அடையாளம் மட்டுமே. ஐயம் தீராதபோது, மருத்துவமனையில் சிறிது சிறிதாக உணவளித்து நோக்குவதே இறுதிச் சோதனை. அதனை வீட்டில் செய்து பார்த்தல் கூடாது.

மருத்துவம்

தும்மலுக்கும் காணாக்கடிக்கும் செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற உறக்கம் குறைவாகத் தரும் மருந்துகள் ஏற்றவை. நாள்பட்ட மூக்கு ஒவ்வாமைக்கு மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டும் அடிப்படை. ‘இன்ஹேலர் பழக்கமாகிவிடும்’ என்னும் அச்சம் பலரை அதிலிருந்து விலக்கிவைத்துள்ளது. மகரந்தத்திற்கும் சிற்றுண்ணிக்கும் 3 முதல் 5 ஆண்டுகள் தரப்படும் ஒவ்வாமைத் தடுப்பாற்றல் மருத்துவம் பயன் தரும். இறாலுக்கு அத்தகைய நிலைபெற்ற மருத்துவம் இல்லை, விலக்குதலே வழி.

உணவு உண்டபின் தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் கம்மல், தொடர்வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தால் அது அனாஃபிலாக்சிஸ். இதற்கு முதல் மருந்து அட்ரினலின்: தொடையின் வெளிப்புறத் தசையில், எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், வயதுவந்தோருக்கு 0.5 மில்லிகிராம் வரை. தேவையாயின் 5 நிமிடங்களுக்குப்பின் மீண்டும். ‘அவில்’ என்று பழக்கமான பெனிரமினும் ஸ்டீராய்டு ஊசியும் அதற்குப் பின்னரே; அவை மூச்சுக்குழல் அடைப்பையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உடனடியாக மாற்றா. நோயரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தவேண்டும்; மூச்சுத்திணறுபவர் சாய்ந்து அமரலாம்; எழுந்து நடக்கவிடலாகாது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரலாம் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பு வேண்டும்.

இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். தனுஷ்கோடியிலிருந்து இன்னும் தொலைவு. 108 ஊர்தி பாம்பன் பாலத்தைக் கடக்கும்வரை காத்திருக்கக்கூடிய நோய் அன்று இது. தானே செலுத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் குப்பி மருந்தே முதல் ஊசியாக அமைதல் வேண்டும்.

உறுதிசெய்யப்பட்ட ஒவ்வாமையுடையவர் ஓர் அட்டையை உடன்வைத்திருத்தல் நன்று. அதில் ‘கடலுணவு’ என்று பொதுப்பட எழுதினால் மீனும் விலக்கப்படும். வெள்ளை இறால், சிங்கி இறால், நண்டு, கணவாய் என ஊர்வழக்குப் பெயர்களால் விலக்க வேண்டியவற்றையும், உண்ணத்தக்க மீன்களையும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.