போதகரின் ஏட்டில் விடுபட்ட பண்ணையாட்கள்

ஸ்வீடனின் தென்கோடியில், டென்மார்க்கைப் பார்த்தபடி கிடக்கும் தானிய பூமி ஸ்கோனே. அதன் ஒரு சிறு பகுதியில் 1813 முதல் 2015 வரை வாழ்ந்தவர்களை ஆள் ஆளாகப் பின்தொடர்ந்து, என்ன தொழில் செய்தவர் எந்த வயதில் இறந்தார் என்று பார்த்திருக்கிறார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, வறுமையைப் பற்றி எழுதும் எவரையும் தூக்கிவாரிப் போடும். மேல்தட்டிலிருந்து கீழே இறங்க இறங்கச் சாவு கூடும் என்று நாம் நம்பிவந்த வரிசை, வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை 19-ஆம் நூற்றாண்டில் அங்கே தென்படவில்லை. பெண்களிடம் ஏறத்தாழ 1950 வாக்கிலும், ஆண்களிடம் ஏறத்தாழ 1970 வாக்கிலும்தான் அது தலைகாட்டுகிறது.

எல்லோருக்கும் மருத்துவமனை, எல்லோருக்கும் பள்ளி, எல்லோருக்கும் ஓய்வூதியம் என்று ஸ்வீடன் உலகுக்கே வழிகாட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்த நேரத்திலா ஏழைக்கும் வசதியானவருக்கும் ஆயுளில் இடைவெளி விழுந்தது?

இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று எளிமையானது. பெரியம்மையும் காசநோயும் வயிற்றுக்கடுப்பும் யாருடைய களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று பார்த்து வரவில்லை. மருந்தே இல்லாத காலத்தில் பணத்தால் வாங்கக்கூடியது குறைவு. தொற்றுநோய்கள் ஒடுங்கி, மாரடைப்பும் புற்றுநோயும் முன்னால் வந்த பிறகு, யார் எதைச் சாப்பிடுகிறார்கள், யார் புகைக்கிறார்கள், மருத்துவர் சொல்வதை யாரால் கடைப்பிடிக்க முடிகிறது என்பதெல்லாம் ஆயுளைத் தீர்மானிக்கத் தொடங்கின.

இதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்து ஸ்கோனேயைச் சமத்துவ பூமி என்று எண்ணிவிடக் கூடாது. அதே பதிவுகளை வேறு கேள்வியோடு புரட்டினால் வேறு முகம் தெரிகிறது. அங்கே ஏழைகளின் உணவு ரை தானியத்து ரொட்டி. விளைச்சல் பொய்த்து ரை விலை ஏறிய ஆண்டுகளில், நிலமில்லாத கூலிக்குடும்பங்களில் சாவு கூடியது. சொந்த நிலத்தில் உழுதவர்கள் வீட்டில் அப்படிக் கூடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த நிலை நீடித்தது. விற்க தானியம் வைத்திருந்தவனுக்கு விலையேற்றம் லாபம், வாங்கித் தின்றவனுக்கு அதுவே எமன். 1803-ல் ஸ்கோனேக்கென்று வந்த நிலத்தொகுப்புச் சட்டம் சிதறிக்கிடந்த வயல்களை ஒன்றாக்கி விளைச்சலைப் பெருக்கியது. அதே காலத்தில் நிலமற்றோர் கூட்டமும் பெருகியது. சராசரி ஆயுள் என்ற ஒற்றை எண்ணுக்குள் இந்த இரண்டு கதையும் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிகிறது? காரணம் லூத்தரன் சபையின் போதகர்கள். சேகரம் எனப்படும் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று 1686-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கட்டளையிட்டது. அத்துடன் போதகர் குடும்பம் குடும்பமாக ஞானோபதேசத்தில் சோதித்து, வாசிக்கத் தெரிகிறதா என்றும் பார்த்துக் குறித்தார். நாளடைவில் அந்த ஏட்டில் அம்மை குத்தியாயிற்றா, எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்ற கட்டங்களும் சேர்ந்தன. இந்த ஏடுகளிலிருந்து எண்ணிக்கையைத் திரட்டி 1749 முதல் நாடு முழுவதுக்கும் மக்கள்தொகை அட்டவணை போட்டது ஸ்வீடன். அப்போது அதன் ஆட்சிக்குள் இருந்த பின்லாந்தும் அதில் அடக்கம்.

லுண்ட் நகரத்துப் பல்கலைக்கழகமும், வடக்கே உமியோ நகரத்துப் பல்கலைக்கழகமும் இவற்றைக் கணினிக்குள் ஏற்றியிருக்கின்றன. உமியோவில் அந்த வேலை 1973-லேயே தொடங்கிவிட்டது. முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள், போஸ்ட்டாக் என்ற பெயரில், பல நாடுகளிலிருந்து வந்து இந்தத் தரவுகளில் வேலை செய்கிறார்கள். வேலையின் முதல் பாதி பொறுமையைச் சோதிப்பது. போதகர் கையெழுத்தில் இருக்கும் தொழிற்பெயர்களை, நாடு விட்டு நாடு ஒப்பிடுவதற்காக 2002-ல் வெளியிடப்பட்ட ஒரு குறியீட்டு முறைக்குள் அடைக்க வேண்டும். குத்தகைக் குடிசைக்காரர், பண்ணை வேலைக்காரி, படைவீரர், செருப்புத் தைப்பவர் என ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்களைக் கூட்டிச் சேர்த்தால் பன்னிரண்டு வர்க்கங்கள். அதற்கடுத்து, 1820-ல் ஓர் ஏட்டில் இருக்கும் ஆண்டர்ஸ் ஆண்டர்சனும், 1831-ல் பக்கத்துச் சேகரத்து ஏட்டில் இருக்கும் ஆண்டர்ஸ் ஆண்டர்சனும் ஒரே ஆள்தானா என்று முடிவு செய்ய வேண்டும். ஆண்டர்ஸின் மகன்கள் எல்லோருமே ஆண்டர்சன்தான். பெண்களை ஓரளவு எளிதாகத் தொடரலாம். அந்நாள் கிராமப்புறத்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பன் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

என் மனதைக் குடைவது இந்த இடம்தான். பின்தொடர முடியாமல் போனவர் யார்?

ஸ்கோனேயின் பெரிய பண்ணைகளில் ஸ்டாத்தாரே எனப்பட்ட பண்ணையாட்கள் இருந்தார்கள். கல்யாணமானவர்களைத்தான் குடும்பத்தோடு ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். கூலியில் பெரும்பகுதி தானியமும் பாலும் ஒண்ட ஓர் அறையும். பண்ணை மாடுகளைப் பால் கறப்பது பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுந்தது. அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம் முடியும். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் புறப்பட வேண்டியதுதான். 1945-ல்தான் இந்த முறை ஒழிந்தது. இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்தவர்கள், ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நான்கைந்து சேகரங்களின் எல்லைக்குள் எத்தனை ஆண்டு நின்றிருப்பார்கள்? நிலம் வைத்திருந்த விவசாயி பிறந்த ஊரிலேயே இருந்து, அந்த ஊர்க் கல்லறையிலேயே அடங்கினார். அவருடைய தொட்டில் முதல் கல்லறை வரை ஒரே ஏட்டில் கிடைக்கும். பண்ணையாளின் பிறப்பு ஓரிடம், பிள்ளைகளின் பிறப்பு வேறு வேறு இடம், இறப்பு எங்கேயோ.

ஊர் மாறுகிறவர் போதகரிடம் இடமாற்றச் சீட்டு வாங்கிப்போக வேண்டும் என்பது விதி. வாங்காமல் போனவர்களும் இருந்தார்கள். எங்கே போனார் என்று தெரியாதவர்களை எழுதி வைக்கவென்றே, 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஒரு தனி ஏடு வந்தது. அதில் இருப்பவர்கள் பிச்சையெடுத்தவர்களா, கடலோடிகளா, அமெரிக்கக் கப்பலில் ஏறியவர்களா? 1850 முதல் 1930 வரை பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் வட அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். அங்கே இறந்தவர்களின் சாவு ஸ்கோனேயின் இறப்புப் பட்டியலில் ஏறுவதில்லை.

இதற்குப் புள்ளியியலில் வழி உண்டு என்பார்கள் ஆய்வாளர்கள். ஒருவர் அந்தச் சேகரத்தில் இருந்த நாட்களை மட்டும் கணக்கில் எடுத்து, அவர் வெளியேறிய அன்றே கணக்கை மூடிவிட்டால் விகிதம் கெடாது. சரிதான், போனவரும் தங்கியவரும் ஒரே மாதிரி உடல்நிலையில் இருந்தால். சீக்காளியான பண்ணையாளுடன் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் போட எந்தப் பண்ணை முன்வரும்? அவர் வெளியேறி, அடுத்த சேகரத்தில் சில மாதங்களில் கண்ணை மூடினால், முதல் சேகரத்தின் ஏடு அவரை உயிரோடு அனுப்பிவைத்தவராகவே காட்டும். 19-ஆம் நூற்றாண்டில் வர்க்க வித்தியாசம் இல்லை என்ற முடிவில் இப்படி மறைந்துபோன சாவுகளுக்கு எவ்வளவு பங்கு? அந்த முடிவு முழுக்கத் தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் தேசியப் பதிவேட்டுக்குள் வந்துவிட்ட பிந்தைய காலத்தில் இடைவெளி தெளிவாகத் தெரிவதற்கு, யாரும் தொலைந்துபோகாததும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஸ்வீடனில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் 1947 முதல் தனி எண் இருக்கிறது. எங்கே குடிபோனாலும் அது கூடவே போகும்.

தொலைந்தவர்களைத் தேடிப் பிடிக்க வழி இல்லாமல் இல்லை. ஒரு சேகரத்தின் வெளியேறியோர் பட்டியலைப் பக்கத்துச் சேகரத்தின் வந்தோர் பட்டியலோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். கணினி திணறும் பெயர்களைக் கண்ணால் படிக்க வேண்டும். மாதக்கணக்கில் உழைத்தும் ஒரு கட்டுரைகூட வராமல் போகலாம். போஸ்ட்டாக் பதவியோ பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். முதல் ஆண்டு தரவைப் பழகிக்கொள்வதற்குள் ஓடிவிடும். இரண்டாம் ஆண்டில் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும், அதற்குக் கையில் வெளியான கட்டுரைகள் வேண்டும். ஏற்கெனவே இணைத்து வைத்த பெயர்களை எடுத்து ஒரு புதிய கேள்வியைக் கேட்பதுதான் புத்திசாலித்தனமாகப் படும். இடம் மாறிக்கொண்டே இருந்த மனிதர்களை ஆராயும் வேலை, அவர்களைப் போலவே ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் மாறும் இளைஞர்களிடம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேடுவதற்கு அவகாசம் தராத ஏற்பாட்டின் மேல்தான் என் கோபம்.

குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். ஆயுளையும் வர்க்கத்தையும் பற்றி வரும் ஒவ்வொரு கட்டுரையிலும், பின்தொடர முடியாமல் விட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் கடைசியாக எந்த வர்க்கத்தில் பதிவானார்கள், எந்த வயதில் மறைந்தார்கள் என்ற அட்டவணையை முதல் பக்கங்களிலேயே போடட்டும். பின்னிணைப்பில் வேண்டாம். நிலமுள்ள விவசாயிகளில் நூற்றுக்கு எத்தனை பேர், பண்ணையாட்களில் நூற்றுக்கு எத்தனை பேர் என்று அந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், மீதிப் பக்கங்களை எவ்வளவு நம்பலாம் என்பதைப் படிக்கிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.