சாண்டிரா ஷ்மர்லர் அம்மையாரும் கல்லோட்டும் ஆட்டமும்

ஆட்டங்களுள் உடல் வலியால் வெல்லப்படுவன சில. மதி நுட்பத்தால் வெல்லப்படுவன சில. தன் கையினின்று விடுத்ததைத் தோழர்பால் ஒப்புவித்து வெல்லவேண்டிய ஆட்டமும் ஒன்று உளது. கர்லிங் எனப் பெயரிய அவ்வாட்டத்தின் இயல்பையும், அதனிற் சிறந்து விளங்கி 36 ஆண்டே வாழ்ந்து மறைந்த கனடா தேசத்துச் சாண்டிரா ஷ்மர்லர் அம்மையாரின் வரலாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கர்லிங் ஸ்காட்லாந்து தேசத்தில் உறைந்த நீர்நிலைகளின்மேல் வளர்ந்தது. ஆண்டுக் கிடைத்த பழைய ஆட்டக்கல் ஒன்றில் 1511 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. கனடாவிற் குடியேறிய ஸ்காட்லாந்தியர் அதனை உடன் கொண்டு சென்றனர்.

ஆடும் முறை வருமாறு: ஏறக்குறைய 150 அடி நீளமுள்ள பனிக்கட்டித் தளத்தின் இரு கோடியிலும் 12 அடி குறுக்களவுள்ள வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். அணிக்கு நால்வர்; சுற்றுக்கு ஒவ்வொருவரும் இரண்டு கற்கள் விடுவர். கல் 38 முதல் 44 இராத்தல் வரை நிறையுடையது. மேலே கைப்பிடி ஒன்றுண்டு. பிடியைச் சிறிது திருகி விடின், கல் மெல்லச் சுழன்று சென்று, வேகம் தணியுங்கால் ஒருபுறம் வளையும். அதன் முன்னே இருவர் துடைப்பங்கொண்டு பனித்தரையை விரைந்து தேய்ப்பர். தேய்த்தலாற் பனியின் மேற்பரப்பு சற்றே வெதும்பி உராய்வு குறைய, கல் நெடுந்தூரம் செல்லும், வளைவும் குறையும். பதினாறு கற்களும் விடப்பட்டபின், நடுவிற்கு மிக அணித்தாகத் தன் கல்லை நிறுத்திய அணியே அச்சுற்றில் எண் பெறும். எனவே, கல்லை விடுவார் ஒருவராயினும், அதனைச் சேருமிடம் சேர்ப்பார் பலர் என்பது பெறப்படும்.

நிற்க. சாண்டிரா அம்மையார் 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பிகர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அம்மாகாணப் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சிக் கல்வி கற்று, ரெஜைனா நகரில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். முதலிற் பிறர் தலைமையில் ஆடிய அவர், பின்னர்த் தாமே அணித்தலைவியாயினார். ஜான் பெட்கர், ஜோன் மக்கஸ்கர், மார்சியா குடரைட் என்னும் மங்கையர் மூவரும் அவர்க்குத் துணையாயினர். தலைவி தம் கல்லை விடுங்கால், எதிர்க்கோடியில் நின்று குறி காட்டுபவர் பெட்கர். தேய்த்துச் செல்பவர் ஏனை இருவர். இந்நால்வரும் 1993, 1994, 1997 ஆகிய மூன்றாண்டிலும் கனடா தேசத்து வெற்றியையும் உலக வெற்றியையும் ஒருங்கே எய்தினர்.

1998ஆம் ஆண்டிலேதான் மாதர் கர்லிங் முதன்முறையாக ஒலிம்பிக் பந்தயங்களிற் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. அதற்குக் கனடா அணியைத் தெரிந்தெடுக்கும் போட்டி 1997 நவம்பரில் பிராண்டன் நகரில் நிகழ்ந்தது. அம்மையார் தலைமகளை ஈன்று சில வாரங்களே கழிந்திருந்தன. இறுதியாட்டத்தின் ஏழாம் சுற்றில் அவர் விடுத்த கல், ஓரத்தே நின்ற கல்லொன்றைத் தீண்டித் திசைமாறி, உட்புகுந்து எதிரணியின் கல்லை அகற்றிற்று. அதனால் மூன்று எண் கிட்டின. ஆட்டமும் அவர் வசமாயிற்று. அந்நாட்டார் அதனை இன்றும் எடுத்துரைப்பர்.

1998 பிப்ரவரியில், ஜப்பான் தேசத்து நாகானோ ஒலிம்பிக் பந்தயத்தின் பொருட்டுக் கருயிசாவாவில் அவ்வாட்டங்கள் நடைபெற்றன. அரையிறுதியிற் பிரிட்டனை மிகைச்சுற்று ஆடி வென்ற கனடா, இறுதியில் டென்மார்க்கை 7-5 என வென்று பொற்பதக்கம் பெற்றது.

இன்பமும் துன்பமும் அடுத்தடுத்து வரும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 1999ஆம் ஆண்டில் இரண்டாம் மகள் பிறந்த சில மாதங்களுள் அவரைப் புற்றுநோய் பற்றியது. கடுஞ்சிகிச்சைக்கு இடையிலும் 2000 பிப்ரவரியில் இளையோர் தேசியப் போட்டிக்குத் தொலைக்காட்சி வருணனையாளராகச் சென்றார். ஆண்டுப் பத்திரிகையாளரிடம் தம் இலக்குகளைக் கூறினார்: தம் குடும்பத்தைப் பேணுதல் ஒன்று, அப்போட்டிக்கு வந்து சேர்தல் மற்றொன்று, வெம்மையான கடற்கரை மணலிற் கால் பதித்தல் மூன்றாவது. உலகை வென்றவர் இன்னுமொரு பதக்கம் வேண்டிற்றிலர் என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். சில வாரங்களுள், மார்ச் 2ஆம் நாள், அவர் உயிர் நீத்தார்.

அவருடைய இறுதிச் சடங்கு தேசமெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டது. அவ்வமயம் சஸ்கட்டூன் நகரில் நடந்துகொண்டிருந்த ஆடவர் தேசியப் போட்டியில், ஆட்டத்தைத் தாழ்த்தி அதனை யாவரும் கண்டனர். பின்னர் 2001ஆம் ஆண்டில் அவர் பெயரால் அறநிதி ஒன்று நிறுவப்பட்டது. குறைமாதத்திற் பிறந்தனவும் நோயுற்றனவுமான பச்சிளங் குழவிகளைக் காக்கும் கருவிகளை அது மருத்துவமனைகளுக்கு வாங்கியளித்து வருகின்றது.

இரு பெண்மக்கள் வளர்தலைக் காணும் பேறு அத்தாய்க்கு வாய்த்திலது. எனினும், பிற தாய்மார் பலர் தம் மக்களை உயிரோடு இல்லங் கொண்டு செல்லுதற்கு அவர் பெயர் துணை நிற்கின்றது. கையினின்று நீங்கிய கல்லை இன்னும் எவரோ தேய்த்துச் செலுத்துகின்றனர். தோழமையால் வென்ற அம்மையார்க்கு இதனினும் தகுதியான நினைவுச்சின்னம் வேறு யாதென்று யாம் அறியோம்.