மலைப்பாதையில் கார் சூடேறினால்: ரேடியேட்டர் மூடியில் கை வைக்கும் முன்

கோடை விடுமுறையில் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகளின் ஓரம் பானட்டைத் தூக்கிவைத்தபடி கார்கள் நிற்பதைப் பார்க்கலாம். 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலும் இதே கதைதான். உள்ளே ஐந்தாறு பேர், பின்னால் மூட்டை முடிச்சு, ஏ.சி. முழு வேகத்தில், முன்னால் ஊர்ந்துபோகும் ஒரு லாரி. எஞ்சின் மிக அதிகமாக உழைக்க வேண்டிய நேரத்தில் ரேடியேட்டருக்குள் புகும் காற்று மிகக் குறைவாக இருக்கிறது. சூடேறி நின்ற வண்டியை எப்படியும் சரிசெய்துவிடலாம். அதன் பிறகு பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான் கையையும் முகத்தையும் வெந்துபோக வைக்கின்றன, சில ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலையை எஞ்சினையே பிரிக்கும் வேலையாக்குகின்றன.

எரிபொருளிலிருந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடும். மீதியில் பெரும்பகுதியைச் சுமந்து வெளியேற்றும் பொறுப்பு கூலண்டுடையது. வாட்டர் பம்ப் அதை எஞ்சினைச் சுற்றி ஓடவிடுகிறது. 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடுகிறது. அங்கே எதிர்க்காற்றும் ஃபேனும் அதைக் குளிர்விக்கின்றன. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் சூடு ஏறும்.

முதல் எச்சரிக்கை டேஷ்போர்டில் வரும். இப்போது வரும் சிறிய கார்கள் பலவற்றில் முள் கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே. அது எரிந்தால் சூடு ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். முள் இருக்கும் வண்டியிலும் அதை முழுதாக நம்பிவிட முடியாது. கூலண்ட் மொத்தமும் ஒழுகிப்போனால் சென்சார் வெறும் ஆவியில் நின்றுகொண்டு தவறான அளவைக் காட்டக்கூடும். அதனால் பானட்டிலிருந்து ஆவி கிளம்பினாலோ, இனிப்பான ஒரு வாடை வந்தாலோ, முள் எங்கே இருந்தாலும் நிறுத்துங்கள்.

ஆவி இன்னும் வரவில்லை, நிறுத்த இடம்தான் இல்லை என்றால் ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஹீட்டரை அதிகபட்ச சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். நம் ஊர் ஓட்டுநர்கள் தொட்டே பார்க்காத திருகு அது. ஹீட்டர் என்பது எஞ்சின் சூட்டை உள்ளே இழுக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இரண்டு நிமிடம் வியர்த்துக் கொட்டும். ஆனால் பாதுகாப்பான ஓரம் வரை போக உதவும். அடுத்த ஊர் மெக்கானிக் வரை ஓட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அலுமினிய சிலிண்டர் ஹெட் அளவுக்கு மீறிய சூட்டில் வளைந்துவிடும். ஹெட் கேஸ்கட் போகும். விட்டால் எஞ்சினே சீஸ் ஆகும். ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, எல்லோரையும் சாலையை விட்டு விலக்கி நிறுத்துங்கள்.

ஆவி அடங்கும்வரை பானட்டைத் தூக்க வேண்டாம். தூக்கிய பிறகும் ஃபேன் பக்கம் கை, துப்பட்டா, முந்தானை எதுவும் போகக் கூடாது. எஞ்சின் அணைந்த பிறகும் பல கார்களில் எலெக்ட்ரிக் ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கும்.

இனி மூடி. ரேடியேட்டர் மூடியின் வேலை வெறுமனே மூடி வைப்பது இல்லை. உள்ளே சுமார் ஒரு பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைத்து, கூலண்ட் கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலையை உயர்த்துவதே அதன் வேலை. சமையலறைக் குக்கரிலும் ஏறக்குறைய இதே அழுத்தம்தான். கொதித்துக்கொண்டிருக்கும் குக்கரை யாரும் திறப்பதில்லை. ஆனால் ரேடியேட்டர் மூடியைக் கந்தல் துணியால் பிடித்துத் திருகுகிறார்கள். வெளிக்காற்றில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும் சரிபாதிக் கலவை, அழுத்தத்துக்குள் 120 டிகிரியைத் தாண்டியும் திரவமாகவே இருக்கும். மூடி நழுவிய நொடியில் அழுத்தம் விலகி, அது ஆவியாகச் சீறி முகத்தை நோக்கி வரும். கந்தல் துணி அதைத் தடுக்காது. சில கார்களில் இந்த அழுத்த மூடி பக்கத்து பிளாஸ்டிக் தொட்டியில் இருப்பதால், அதையும் சாதாரணத் தொட்டி என்று எண்ணித் திறக்கக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். வெயிலில் இன்னும் அதிகம் ஆகலாம். மேல் ஹோஸ் பைப்பின் அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கக் கூடாது. பிறகு தடித்த துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கி, கால் சுற்று மட்டும் திருகுங்கள். மிச்சமிருக்கும் காற்று முழுதும் வெளியேறிய பிறகே திறக்க வேண்டும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடலாம்.

மேலே தெறித்துவிட்டால், மோதிரம், வளையல்களை உடனே கழற்றி, பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், இட்லி மாவு எதையும் பூசாதீர்கள். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால் தண்ணீரில் கழுவியபடியே 108-ஐ அழையுங்கள்.

குறைந்த கூலண்டை நிரப்பும்போது அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம். ஊருக்குப் போனதும் வடித்து மாற்றிவிட வேண்டும். போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். “பனி உறையாத ஊரில் கூலண்ட் எதற்கு?” என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்: உறையாமல் காப்பதோடு, கொதிநிலையை உயர்த்துவதும் துரு பிடிக்காமல் தடுப்பதும் அதன் வேலை. அடர்கூலண்டானால் பொதுவாகப் பாதிக்குப் பாதி டி.எம். வாட்டர் (தாது நீக்கிய தண்ணீர்) கலக்க வேண்டும். அப்படியே ஊற்றும் வகையில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்ற நிறத்தை வைத்து வகையை முடிவுசெய்யாதீர்கள்; நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும், பொருந்தாத வகைகள் கலந்தால் கசடு கட்டலாம். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று இருக்கும்.

நிரப்பினதோடு வேலை முடிவதில்லை. மூடிய அமைப்பில் கூலண்ட் தானாகக் குறையாது. சிக்னலில் சூடாகி நெடுஞ்சாலையில் சரியாகிறதென்றால் ஃபேன், ஃபியூஸ், ரிலே பக்கம் பாருங்கள். வேகமாகப் போகும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்போ வாட்டர் பம்ப்போ காரணமாக இருக்கலாம். வெளியே ஒழுகலே இல்லாமல் அளவு குறைந்து, வெள்ளைப் புகை வந்து, ஆயில் வெளிறிப்போய்க் கொழகொழத்தால் ஹெட் கேஸ்கட் சந்தேகம். டோ வண்டிதான் வழி. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டால் சூடாகாது என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அந்த யோசனையை ஏற்காதீர்கள். எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் எரிபொருளைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். புது வால்வு போடச் சொல்லுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வீட்டில் மிச்சமிருக்கும் கூலண்ட். பெரும்பாலான கூலண்டுகளில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் கண்டறியப்பட்ட டைஎத்திலீன் கிளைக்காலுக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் சிறுநீரகத்தைத் தாக்குபவை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். கண்ணைக் கவரும் நிறமும் சேர்ந்துகொள்கிறது. குடித்தவர் முதலில் போதையில் இருப்பவர்போலத் தள்ளாடுவார், வாந்தி எடுப்பார். அதற்குள் கல்லீரல் அதை அமிலங்களாக மாற்றத் தொடங்கியிருக்கும். அவற்றில் ஒன்றான ஆக்சாலிக் அமிலம் உடலின் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். பெரியவர் ஒருவருக்கு 100 மில்லி அளவே உயிர்போகக் காரணமாகலாம். சிறு குழந்தைக்குச் சில வாய் போதும்.

ஆகவே மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். அது வந்த கேனிலேயே, லேபிளோடு, குழந்தைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வையுங்கள். தரையில் சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச விட்டு, அள்ளி, பையில் கட்டி, இடத்தைக் கழுவிவிடுங்கள். தெரு நாயும் பூனையும் அதை நக்கிவிட்டுச் சாகின்றன. வடித்த பழைய கூலண்டில் எஞ்சினிலிருந்து கரைந்த உலோகங்களும் இருக்கும். சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாமல், கழிவைச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காமல், அந்தக் கேனையும் எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். எவ்வளவு, எப்போது உள்ளே போனது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு. விஷம் அமிலமாக மாறுவதற்கு முன் கொடுத்தால்தான் அது முழுப் பலன் தரும்.